காந்தத்தின் திசைப்பற்று

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் காந்தத்தைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். "எழுத்தும் சொல்லும் பொருளும் உங்களுக்குப் போதாவோ?" என்று சயன்ஸ் வகுப்பு நண்பர் ஒருவர் நகைத்தும் விட்டார். அவருக்கு நாம் கூறிய விடையையே ஈண்டும் முதற்கண் கூறுவோம். பெசன்ட் நகரில் கடற்காற்று வீசும் இடத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கின்றது. ஐயரவர்கள் மறைந்த மறு ஆண்டில், அஃதாவது 1943-இல், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரால் அது நிறுவப்பெற்றது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கின்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் ஊரூராகத் தேடித் தொகுத்த அச்சு நூல்களைக் கொண்டு 1994-இல் அது தோன்றியது. இவைபோன்ற நிலையங்களில் உள்ள ஏடுகளும் பழம்பதிப்புக்களும் இக்காலத்தில் படம் பிடிக்கப்பட்டு எண்களாக மாற்றப்பெறுகின்றன. அவ்வெண்கள் எங்கே உறைகின்றன? உலகெங்கும் பெருந்தொகையாகச் சேமிக்கப்படும் இத்தகைய எண்கள் பெரும்பாலும் உறைவது, சுழலும் தகட்டின்மேலோ நாடாவின்மேலோ பூசிய காந்தப் படலத்திலேதான். பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏன் நிலைக்கின்றது என்பது கண்கூடு. காந்தப் படலத்தில் கீறலும் இல்லை, மையும் இல்லை. அங்கே எழுதியது ஏன் நிற்கின்றது? எத்துணைக் காலம் நிற்கும்? தமிழ் படிப்போர் கேட்கத் தகாத வினாக்களா இவை?

விடை காந்தப் பொருள்களின் ஓர் இயல்பிலே அடங்கிக் கிடக்கின்றது. எல்லாத் திசைகளையும் ஒன்றெனக் கொள்ளாது, ஒரு சில திசைகளையே விரும்பிப் பற்றி நிற்பது அவற்றின் இயல்பு. இதனைத் திசையொவ்வாமை என்று வழங்கலாம். ஆனால் ஒவ்வாமை என்ற சொல்லை மருத்துவர்கள் தும்மலுக்கும் தடிப்புக்கும் உரிமையாக்கிக் கொண்டுவிட்டனர். ஆதலின் திசைப்பற்று என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

தியாகராய நகரில் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். அங்கே நெடுக்குவாட்டில் நகரலாம். குறுக்கே கடக்க முயன்றால் தோளும் முழங்கையும் படாத பாடு படும். தெருவின் வடிவமே மக்களுக்கு ஒரு போக்கை வகுத்துவிடுகின்றது. ஊசி போன்ற நீண்ட இரும்பில் காந்தம் நெடுக்குவாட்டில் எளிதாக அமைவதும், குறுக்குவாட்டில் அமைய மறுப்பதும் இத்தகையதே. குறுக்கே காந்தம் அமைந்தால் நீண்ட பக்கங்கள் முழுதும் காந்த முனைகள் வெளிப்பட்டு, அவை தம்முள் எதிர்த்து ஆற்றலை மிகுவிக்கும். இது வடிவத்தால் வரும் திசைப்பற்று. இன்னொன்று உண்டு. உருண்டை வடிவாகக் கடைந்த ஓர் இரும்புப் படிகத்தை எடுத்துக்கொண்டால் வடிவம் எத்திசைக்கும் ஒன்றே. எனினும் அப்படிகம் கனசதுர அடுக்கின் விளிம்பு வழியே எளிதிலும், மூலைக்கு மூலை செல்லும் வழியே அரிதிலும் காந்தமேறும். ஹோண்டா, காயா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் 1926-இல் இதனை அளந்து காட்டினர். நிக்கலில் முறை மாறி நிற்கும். மூலை வழியே அதற்கு எளிய வழி. கோபால்டுக்கோ அறுகோண அடுக்கின் நடு அச்சு ஒன்றே உவப்பானது. அதன் பற்று இரும்பினதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு வலியது.

இப்பற்று எங்கிருந்து வருகின்றது? காந்தத்தின் மூலம் எலெக்ட்ரானின் தற்சுழற்சி. தற்சுழற்சி நேராகப் படிகத்தை அறியாது. ஆனால் எலெக்ட்ரான் அணுவைச் சூழ்ந்து இயங்கும் பாதை அண்டை அணுக்களின் மின்விசையை உணர்கின்றது. பாதையும் தற்சுழற்சியும் ஒன்றையொன்று பிணித்திருக்கின்றன. ஆதலின் படிகத்தின் அமைப்பு பாதை வாயிலாகத் தற்சுழற்சிக்கு எட்டுகின்றது. வீட்டுத் தலைவரின் விருப்பம் வேறொருவர் வாயிலாக விருந்தினர் காதில் விழுவது போல என்க.

இத்துறையில் தமிழர் ஒருவர் செய்த பணி, கல்லூரி மாணாக்கரிடையே இன்னும் பெரிதாக அறியப்படவில்லை. ராமன் விளைவு என்றதும் கே. எஸ். கிருஷ்ணன் பெயரை ஒருவாறு நினைவுகூர்வோர் உளர். அத்துடன் நிறுத்தி விடுவர். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்புப் பகுதியில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள் பிறந்த கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். இரண்டும் மிஷன் கல்லூரிகள். கிறித்தவக் கல்லூரி அக்காலத்தில் தாம்பரத்தில் இல்லை. 1937-இல்தான் அங்குச் சென்றது. அதற்குமுன் ஜார்ஜ் டவுனில் இருந்தது. பட்டம் பெற்றபின் அவர் அக்கல்லூரியிலேயே ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணாக்கரைச் சூழ இருத்திக்கொண்டு, பௌதிகமோ ரசாயனமோ கணிதமோ, எவர் எதனைக் கேட்பினும் விளக்குவாராம். அதனைக் கேட்க அயற் கல்லூரிகளிலிருந்தும் மாணாக்கர் வந்தனர் என்று அவர் வரலாறு கூறும். பரீட்சைக்கு உதவாத வினாக்களுக்கு உணவு வேளையை ஈந்த அந்த இளைஞருக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. 1920-இல் அவர் கல்கத்தா சென்று ராமனுடன் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவு வெளிப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா சர்வகலாசாலையில் பௌதிக ரீடராக அமர்ந்தார்.

டாக்காவில்தான் காந்தத் திசைப்பற்று அவரை ஆட்கொண்டது. அங்கே அவரும் அவர்தம் துணைவர் பானர்ஜியும் கையாண்ட முறை மிக எளியது, அதனாலேயே வியக்கத்தக்கது. மயிரினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, ஒரே சீரான காந்தப் புலத்தின் நடுவே நிறுத்தினர். படிகம் தனக்கு உவந்த நிலையில் அமைந்து நிற்கும். பின் இழையின் மேல்முனையை மெல்லத் திருகினர். திருகுண்ட இழை படிகத்தைத் திருப்பப் பார்க்கும். காந்தப் புலமோ அதனைப் பழைய நிலைக்கே இழுக்கும். இவ்விழுப்பு, படிகம் தன் நிலையிலிருந்து 45 பாகை விலகும்வரை வளர்ந்துகொண்டே போகும். அதன்மேல் குறையத் தொடங்கும். திருகலோ மேலும் மேலும் ஏறுகின்றது, தடுப்போ இறங்குகின்றது. ஆகவே அவ்வெல்லையைச் சற்றே கடந்தவுடன் படிகம் பிடிப்பாரின்றிச் சடக்கெனச் சுழன்றுவிடும். அக்கணத்தில் மேல்முனை எத்துணைப் பாகை திருகப்பட்டிருந்தது என்று குறித்துக்கொண்டால், படிகத்தின் இரு திசைகளுக்கிடையே காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். மெல்லிய அசைவைக் கண்கொட்டாது பார்த்து அளக்க வேண்டுவதில்லை. படிகமே குட்டிக்கரணம் அடித்து விடையை அறிவித்துவிடுகின்றது! இவ்வாராய்ச்சிகளின் முதற்பகுதி 1933-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. அவ்வாண்டே அவர் கல்கத்தாவுக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார்.

இதனால் வந்த பயன் யாது எனின், காணாத மூலக்கூற்றின் கிடக்கையைக் காந்தத்தால் அறிதலே என்க. பென்சீன் வளையம் போன்ற தட்டையான மூலக்கூறுகள் வளையத்தின் தளத்திற்குச் செங்குத்தான திசையில் மிகுதியாகக் காந்தத்தை எதிர்க்கும். அவ்வளையங்களால் ஆன படிகத்தின் திசைப்பற்றை அளந்தால், உள்ளே வளையங்கள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பது புலனாகும். கிராபைட்டில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆய்ந்த கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் 1936-இல் இது குறித்துச் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1940-இல் கிருஷ்ணன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் ஆனார். 1947-இல் புதுதில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார். 1961-இல் மறைந்தார்.

இவ்விடத்து ஒரு நுட்பத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இது வேண்டப்படும். கிருஷ்ணன் தொங்கவிட்ட படிகத்தை முழுதும் 180 பாகை திருப்பிவைத்தாலும் அது முன்போலவே அமைதியாக நிற்கும். முன் பின் என்ற வேறுபாடு அதற்கில்லை. கோபால்டின் திசைப்பற்றும் அத்தகையதே. வடக்கு நோக்கி நிற்பதும் தெற்கு நோக்கி நிற்பதும் அதற்கு ஒரே அளவு உவப்பு. கிழக்கும் மேற்குமே வெறுப்பு. பற்று அச்சின்மேல் உள்ளதேயன்றி, அம்பின்மேல் உள்ளதன்று. இருநிலையும் ஒத்த உவப்புடையன ஆதலாலேதான் ஒன்றைப் பூஜ்யம் என்றும் மற்றதை ஒன்று என்றும் குறித்து எழுத முடிகின்றது. எழுதியது அழியாதிருக்கக் காரணம், ஒருநிலையிலிருந்து மற்றதற்குச் செல்ல இடையே வெறுப்பான திசை ஒரு மேடுபோல் நிற்பது.

அந்த மேட்டை ஏறித் தாண்டவல்லது ஒன்றுண்டு. அது வெப்பம். ஏட்டுக்குச் செல் எப்படியோ, காந்த எழுத்துக்கு வெப்பம் அப்படி. ஒவ்வொரு காந்தத் துகளும் வெப்பத்தால் இடையறாது நடுங்குகின்றது. நொடிக்கு ஏறக்குறைய நூறு கோடி முறை அது மேட்டின்மேல் முட்டிப்பார்க்கின்றது என்று கொள்ளலாம். மேட்டின் உயரம் துகளின் பருமனையும் அப்பொருளின் பற்றையும் பெருக்கிவரும் தொகை. அவ்வுயரம் வெப்ப ஆற்றலைப்போல் 60 மடங்கு இருப்பின், துகள் தானாகப் புரளச் சராசரியாக 300 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். 40 மடங்கு இருப்பின் ஏழரை ஆண்டு. 25 மடங்கே இருப்பின் ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுதி! கணக்கை மறுபடியும் பாருங்கள். 60 மடங்குடைய ஒரு துகளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் காற்பங்கு குறைத்தால் பருமன் பாதிக்கும் கீழே இறங்கி, மேடு 25 மடங்குக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துகளில் காற்பங்கு குறைத்தோம். ஊழிக்காலம் நிற்க வேண்டியது ஒன்றரை நிமிடத்தில் அழிந்தது. மேலும் மேலும் குறுகிய இடத்தில் எழுத விரும்பும் யந்திர வல்லுநர் அஞ்சும் எல்லை இதுவே. (யந்திரம் பழுதாகித் தகடு கெடுவது வேறு கதை. அது பெரும்பாலும் இதற்கு முன்னரே நேர்ந்துவிடும். ஆகவேதான் ஏடு பெயர்த்தெழுதியது போலத் தகட்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்து வைக்க வேண்டியிருக்கின்றது.)

இனிப் படலங்களுக்கு வருவோம். தியாகராய நகர்க் கடைகளில் கவரிங் நகையின்மேல் பூசிய பொன்முலாமை மெல்லியது என்கிறோம். இங்கே பேசப்படும் படலங்கள் அதனினும் நூறு மடங்குக்கு மேல் மெல்லியன. ஐந்து நானோமீட்டர் தடித்த கோபால்ட் படலத்தில் அணு அடுக்குகள் ஏறக்குறைய 25 மட்டுமே. காற்றை நீக்கிய கலத்தினுள் சிறிது ஆர்கான் வாயுவை விட்டு, மின்னழுத்தத்தால் அதனை அயனிகளாக்கிக் கோபால்ட் தகட்டின்மேல் மோதச் செய்வர். தெறித்த அணுக்கள் எதிரே வைத்த சிலிக்கான் வில்லையின்மேல் படிந்து படலமாகும். தகட்டை மாற்றினால் அடுத்த அடுக்கு வேறு உலோகமாகும். அடையாற்றை அடுத்து, மானும் ஆலமரமும் நிறைந்த காட்டினிடையே மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்தகைய படலங்களை ஆக்கவும் அளக்கவும் வல்ல கருவிகள் உள்ளன. அடுத்த சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்போருக்கு அது தெரியாது. தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை.

படலம் அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் வடிவப் பற்று காந்தத்தைப் படலத்தின் தளத்திலேயே படுக்கவைக்கும். ஆயினும் மேற்பரப்பில் உள்ள அணுவுக்கு ஒருபுறம் அண்டை அணு இல்லை; அல்லது அயற்சாதி அணுவே அண்டையாக இருக்கின்றது. அதனால் அங்கே தனியொரு திசைப்பற்று தோன்றும் என்று லூயி நீல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1954-இல் கூறினார். கோபால்டைப் பிளாட்டினத்தின்மேலோ பல்லாடியத்தின்மேலோ ஒரு நானோமீட்டருக்கும் குறைவாகப் பூசினால், காந்தம் படுக்க மறுத்துச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. படலம் தடிக்கத் தடிக்க உட்புறத்தின் பங்கு ஓங்கி, மீண்டும் படுத்துவிடும். காந்தத்தை நிமிர்த்தி எழுதினால் குறுகிய இடத்தில் மிகுதியாக எழுதலாம் அல்லவா? அவ்வாறு எழுதும் தகடுகள் 2005-இல் சந்தைக்கு வந்தன.

நிற்க. இதுகாறும் கண்ட பற்றுக்கள் யாவும் அச்சின்மேற் பற்றே. அம்பின்மேற் பற்று ஒன்று உண்டு என்பதை அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் மைக்கிள்ஜான், பீன் என்னும் இருவர் 1956-இல் கண்டனர். மிக நுண்ணிய கோபால்டுத் துகள்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். காற்றுப் பட்டால் துகளின் புறத்தே கோபால்ட் ஆக்ஸைடு ஒரு தோல்போல் படியும். அத்துகள்களைக் காந்தப் புலத்தில் வைத்தபடியே, திரவ நைட்ரஜனின் குளிர்நிலையாகிய 77 கெல்வின்வரை குளிர்வித்தனர். பின் காந்தமேற்றியும் இறக்கியும் தயக்கக் கண்ணியை வரைந்தனர். பள்ளிப் புத்தகத்தில் அக்கண்ணி நடுப்புள்ளிக்கு இருபுறமும் ஒத்து நிற்கும். இவர்கள் வரைந்ததோ ஒருபுறமாக நகர்ந்து கிடந்தது. திருப்பு விசையை அளந்தபோது இன்னும் தெளிவாயிற்று. கிருஷ்ணன் படிகத்தில் ஒரு முழுச் சுற்றுக்குள் அமைதி நிலை இரண்டு என்று கண்டோமல்லவா? இங்கே ஒன்றே. 180 பாகை திருப்பினால் துகள் அமைதி கொள்ளாது, மீண்டும் பழைய முகமே நோக்கத் துடித்தது. குளிர்விக்கையில் காந்தப் புலம் எத்திசையில் இருந்ததோ அத்திசையை அது மறக்கவில்லை.

காரணம் ஆக்ஸைடுத் தோலில் இருந்தது. அண்டை அணுக்களின் தற்சுழற்சிகளுக்கிடையே பரிமாற்ற விசை என்று ஒன்றுண்டு. 1928-இல் ஹைஸன்பர்க் இதனை விளக்கினார். கோபால்டில் அவ்விசை அண்டையர் அனைவரையும் ஒரே முகமாக நிறுத்தும். இத்தகையன ஃபெர்ரோ காந்தங்கள். கோபால்ட் ஆக்ஸைடிலோ ஒருவர் கிழக்கு நோக்கினால் அடுத்தவர் மேற்கு நோக்கும்படி நிறுத்தும். இவை எதிர் ஃபெர்ரோ காந்தங்கள். கூட்டித் தொகை போட்டால் பூஜ்யம். ஆகவே வெளியிலுள்ள காந்தப் புலம் இதனை எளிதில் அசைக்க இயலாது. பிடித்துத் திருப்பக் கைப்பிடி இல்லாத கல் போன்றது இது. அக்கல்லோடு கோபால்ட் ஒட்டியிருக்கும் எல்லையில் மட்டும் இரு சாரார்க்கும் பரிமாற்ற விசை உண்டு. ஆக்ஸைடின் இவ்வொழுங்கு ஏறக்குறைய 20 பாகை செல்சியஸுக்கு மேல் சிதைந்துவிடும். குளிர்கையில் அது மீண்டும் ஒழுங்குபடும்பொழுது, எல்லைக்கு அப்பால் கோபால்ட் எம்முகமாக நின்றதோ அதற்கு இசையவே தன்னை அமைத்துக்கொள்கின்றது; அமைத்தபின் உறைந்து போகின்றது. கோபால்ட் இனி எப்பக்கம் திரும்பினும் எல்லையில் ஒரு பிடி அதனை ஈர்த்துக்கொண்டேயிருக்கும். இதனைப் பரிமாற்றச் சார்பு என்று வழங்கலாம். ஒன்று சொல்ல வேண்டும்: 20 பாகை என்பது மயிலாப்பூரில் மார்கழி விடியற்காலத்திலும் அரிதாகவே வாய்ப்பது. கோபால்ட் ஆக்ஸைடை நம்பிச் சென்னையில் ஒன்றும் செய்வதற்கில்லை. நிக்கல் ஆக்ஸைடு ஏறக்குறைய 250 பாகை வரையிலும், பிளாட்டினமும் மாங்கனீஸும் கலந்த கலவை 700 பாகை அளவு வரையிலும் தம் ஒழுங்கைக் காப்பன. மெல்லிய படலமானால் பிடி அதற்கு முன்னரே தளரும்.

மயிலாப்பூரில் வாழ்வோர் எச்சமயத்தவராயினும் பங்குனியில் கபாலீசுவரர் தேர் நான்கு மாடவீதிகளில் வருவதைக் கண்டிருப்பர். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கினர். தேரை நிறுத்துவதும் மூலையில் திருப்புவதுமோ சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் ஒரு சிலரே. பரிமாற்றச் சார்பிலும் அப்படியே என்பது நெடுநாள் புதிராக இருந்து பின்னரே தெளிவாயிற்று. எல்லையிலுள்ள அணுக்கள் அனைத்தும் பிடித்தால் சார்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று முதலில் கணக்கிட்டனர். அளந்து கண்டதோ அதில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு. எங்கே போயிற்று எஞ்சிய பிடி? எல்லை கரடுமுரடானது, அடுத்தடுத்து எதிரெதிர்ப் பிடிகள் ஒன்றையொன்று அழிக்கும் என்றனர் சிலர். எதிர் ஃபெர்ரோ காந்தத்தின் உட்புறமே சற்று முறுகிக்கொடுக்கும் என்றனர் சிலர். 2003-இல் எக்ஸ் கதிர்களால் எல்லையை நேரே ஆய்ந்தவர்கள், அங்கே அசையாது உறைந்து நிற்கும் தற்சுழற்சிகள் ஓர் அணு அடுக்கில் நூற்றுக்கு நான்கு அளவே என்று கண்டனர். முட்டுக்கட்டைகள் அவ்வளவே. தேர் ஓட ஓடச் சில கட்டைகள் நழுவுவதும் உண்டு: கண்ணியை மீண்டும் மீண்டும் வரைந்தால் நகர்ச்சி முதல் சில முறைகளில் குறைந்துகொண்டே வருகின்றது. மற்றொன்று, தேர் கனத்தால் முட்டுக்கட்டைக்குப் பயன் குறைவு. ஃபெர்ரோ காந்தப் படலம் இருமடங்கு தடித்தால் சார்பு பாதியாகும். பிடி எல்லையில்தானே உள்ளது. திருப்பவேண்டிய பொருளோ தடிப்போடு வளர்கின்றது. பரிமாற்றச் சார்பு மெல்லிய படலங்களுக்கே சிறப்பாக உரியதானது இதனால்தான்.

இதன் பயன் வந்த வழி சுவையானது. எதிர் ஃபெர்ரோ காந்தத்தைக் கண்டு கூறியவர் மேலே குறித்த லூயி நீலே. 1970-இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய சொற்பொழிவில், இப்பொருள்கள் ஆராய்ச்சிக்குச் சுவையுடையனவாயினும் பயன் ஏதும் உடையனவாகத் தோன்றவில்லை என்ற கருத்தை அவரே வெளியிட்டார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், பிரான்சில் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் க்ரூன்பர்க்கும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். இரு காந்தப் படலங்களுக்கிடையே காந்தமில்லா உலோகப் படலம் ஒன்றை வைத்தால், இரண்டும் ஒருமுகமாக நிற்கையில் மின்தடை குறைந்தும், எதிர்முகமாக நிற்கையில் மிகுந்தும் இருக்கும் என்பதே அது. 2007-இல் இதற்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இதனை வைத்துத் தகட்டைப் படிக்கவேண்டுமாயின் ஒரு படலம் அசையாதிருக்கவேண்டும். மற்றது தகட்டிலுள்ள எழுத்துக்கு ஏற்பத் திரும்பவேண்டும். இரண்டும் திரும்பினால் வேற்றுமை தெரியாது. அசையாதிருப்பதற்கு எதிர் ஃபெர்ரோ காந்தப் படலம் ஒன்றை அடியில் பூசினால் போதும் என்று 1991-இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தார் காட்டினர். 1997-இல் அத்தகைய படிக்கும் முனையுடைய தகட்டு யந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. பயனில்லை என்று கருதப்பட்ட பொருள் சில ஆண்டுகளில் உலகெங்கும் கணிப்பொறிதோறும் ஒரு துளி இருந்தது. பயனை முன்னறிந்து கூறுவதில் கண்டுபிடித்தவருக்கும் நமக்கும் பெரிய வேற்றுமை இல்லை போலும்!

படிப்பது இவ்வாறு, எழுதியதைக் காப்பதிலும் பரிமாற்றச் சார்பு கைகொடுக்குமா? 2003-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி கொடுக்கும் என்றது. நான்கு நானோமீட்டர் அளவுடைய கோபால்டுத் துகள்கள் சாதாரணப் பொருளில் பதித்தபோது 10 கெல்வினுக்கு மேல் தம் திசையை மறந்தன. அதே துகள்கள் கோபால்ட் ஆக்ஸைடில் பதித்தபோது 290 கெல்வின் வரை மறக்கவில்லை. பிடித்து நிறுத்த அண்டையர் இருந்தமையால் சிறு துகளும் வெப்பத்தை எதிர்த்து நின்றது. ஆயினும் அந்த 20 பாகைத் தடை இங்கும் குறுக்கிடுகின்றது.

தகடு செய்வோர் கைக்கொண்ட வழி வேறு. பருமன் குறைந்தால் பற்றை வளர்ப்பது என்பதே அது. இரும்பும் பிளாட்டினமும் அணு அடுக்குகளாக மாறி மாறி அமைந்த கலவையின் திசைப்பற்று கோபால்டினதைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு. முன் சொன்ன 60 மடங்கு மேட்டுக்குக் கோபால்டெனில் ஒருபக்கம் எட்டு நானோமீட்டருக்குச் சற்று மிகுந்த கனசதுரம் வேண்டும். இக்கலவையெனில் மூன்றரை நானோமீட்டர் போதும். இடர் என்னவெனில், இத்துணைப் பற்றுள்ள பொருளில் எழுதுவதற்கு எந்த எழுதுமுனையின் காந்தப் புலமும் போதாது. ஆகவே எழுதும் கணத்தில் மட்டும் லேசர் ஒளியால் அவ்விடத்தை ஏறக்குறைய 450 பாகைவரை சூடேற்றுகின்றனர். பற்று தளர்கின்றது. காந்தப் புலம் காட்டும் திசையில் துகள் திரும்புகின்றது. ஒரு நானோநொடி அளவில் மீண்டும் குளிர்ந்து, குளிர்கையில் நோக்கிய முகத்தையே பற்றிக்கொள்கின்றது. 1956-இல் மைக்கிள்ஜானும் பீனும் கோபால்டுத் துகளைப் புலத்தில் வைத்துக் குளிர்வித்ததற்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. இம்முறையில் எழுதும், முப்பது டெராபைட்டும் மேலும் கொள்ளும் தகட்டு யந்திரங்களை 2024-இல் சீகேட் நிறுவனத்தார் வெளியிட்டனர். அத்தகைய ஒன்று உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கத்திற்கு ஒரு மெகாபைட் என்று கொண்டால், மூன்று கோடிப் பக்கங்களின் படங்கள் அதில் உறையும்.